ஊசியைத் தூக்கிய கை

போன டிசம்பர் விடுமுறைக்கு அக்கா மகன் வந்து நாலு நாள் எங்கள் வீட்டில் தங்கினான். பதினாறு வயது, கீபோர்டு வகுப்புக்குப் போகிறான், எந்தப் பாட்டு ஓடினாலும் விரல்கள் தானாகவே மேஜைமேல் ஓட ஆரம்பித்துவிடும். இரண்டாம் நாள் சாயங்காலம் என் அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தவன் அடித்தட்டிலிருந்து கறுப்பாக ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "என்ன மாமா இது, கல்யாண ஆல்பமா?" எனக்கு வாயெல்லாம் பல். சார்லி பார்க்கர் என்ற ஜாஸ் சாக்ஸபோன் மேதை கிளப்புகளில் வாசித்ததை டீன் பெனெடெட்டி என்ற ஒருவர் பதிவு செய்தது, மொத்தம் ஏழு சிடி, 1990ல் மொசைக் என்ற மறுவெளியீட்டு நிறுவனம் வெளியிட்டது, இப்போது கடையில் கிடைக்காது என்று ஒரு சின்னச் சொற்பொழிவே ஆற்றிவிட்டு முதல் சிடியைப் போட்டேன். பத்து நிமிடம் பொறுமையாக உட்கார்ந்திருந்தான். அப்புறம் கேட்டான் பாருங்கள்: "ஏன் மாமா, அந்தப் பியானோக்காரர் கையை வைக்கிறதுக்குள்ள நிறுத்திடறாங்க?"

"இது பார்க்கர் பெட்டிடா. அவர் வாசிச்சது மட்டும்தான் இருக்கும்" என்றேன். சரி என்று தலையாட்டினான், ஆனால் அந்தப் பதில் அவனுக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சொல்லப்போனால் எனக்கும் போதவில்லை. அவன் ஊருக்குப் போய் மூன்று மாதமாகிறது, கேள்வி மட்டும் ராத்திரிக் கொசு மாதிரி காதோரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

பெனெடெட்டி கதை ஜாஸ் கேட்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் கொஞ்சம் சொன்னால்தான் மேலே போக முடியும். அவரே ஒரு ஆல்டோ சாக்ஸபோன்காரர், பார்க்கர் என்றால் பித்து. பார்க்கர் கமரியோ மனநல மருத்துவமனையில் ஆறு மாதம் இருந்துவிட்டு 1947 ஜனவரிக் கடைசியில் வெளியே வருகிறார். மார்ச் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் ஹை-டி-ஹோ என்ற கிளப்பில் டிரம்பெட்காரர் ஹோவர்ட் மெக்கீயின் குழுவோடு வாசிக்கிறார். பெனெடெட்டி தட்டில் வெட்டிப் பதியும் ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுகிறார். அலுமினியத் தட்டின்மேல் அரக்கு மாதிரி ஒரு பூச்சு, அதில் ஊசி நேரடியாகக் கோடு வெட்டிக்கொண்டே போகும், வெட்டுப்பட்ட பூச்சு மெல்லிய நூலாகச் சுருண்டு எழும்பி வரும். ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான் பிடிக்கும். வெற்றுத் தட்டு காசு கொடுத்து வாங்க வேண்டியது. அதனால் பார்க்கர் வாயிலிருந்து சாக்ஸபோனை எடுத்ததும் இவர் தட்டிலிருந்து ஊசியைத் தூக்கிவிடுவார். மறுபடி பார்க்கர் வாசிக்க ஆரம்பித்தால் ஊசி இறங்கும். அடுத்த வருடம் நியூயார்க் 52ஆம் தெரு கிளப்புகளில் டேப்பில் பதிந்தபோதும் இதே கதைதான். 1957ல் இத்தாலியில் இறந்தார். பதிவுகள் என்ன ஆயின என்று முப்பது வருடத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது. காந்தக் கம்பியில் பதிந்தார், அதெல்லாம் அழிந்துபோய்விட்டது என்று ஒரு கதை ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் பார்த்தால் கம்பியே இல்லை, எல்லாம் தட்டும் காகித டேப்பும், அவருடைய சகோதரரிடம் பத்திரமாக இருந்திருக்கின்றன.

இந்தப் பெட்டிக்காக நான் ஏங்கிய ஏக்கம் கொஞ்சநஞ்சமல்ல. அது வந்த காலத்தில் என் சம்பளத்துக்குக் கனவு காணத்தான் முடியும். கையில் காசு வந்தபோது பெட்டி தீர்ந்துபோயிருந்தது, ஏனென்றால் மொசைக் எல்லாவற்றையும் எண்ணிப் போடும், 5,000, 7,500 என்று ஒரு கணக்கு, அந்தக் கணக்கு முடிந்தால் முடிந்ததுதான். பத்து வருடம் கழித்து வெளிநாட்டில் ஒருவரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கினேன், தபால் செலவோடு சேர்த்து அப்போதைய ஒரு மாத வீட்டு வாடகை ஆயிற்று. என் மனைவி முதல் சிடியைக் கால்மணி நேரம் கேட்டுவிட்டு, "இதுல பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?" என்றாள். கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், அந்த ஏழு சிடிகளையும் இத்தனை வருடத்தில் முதலிலிருந்து கடைசிவரை இரண்டே தடவைதான் கேட்டிருக்கிறேன். சில துண்டுகள் சில வினாடிகள்தான். பூஜை அறையில் இருக்கிற செப்புத் தகடு மாதிரி அது அங்கே இருப்பதே போதும் என்று வைத்திருந்தேன்.

முழுசாக வேண்டும் என்கிற வியாதி

சேகரிக்கிறவர்களுக்கு 'முழுத் தொகுப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே கை நமநமவென்று அரிக்கும். இந்த வியாதியை வளர்த்ததில் மொசைக்குக்குப் பெரிய பங்கு உண்டு. 2024ல் காலமான மைக்கேல் கஸ்குனாவும் சார்லி லூரியும் 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. கஸ்குனா இசைக்கலைஞர்களிடம் பேசிப் பேசி, 'அன்றைக்கு ஒரு ரெக்கார்டிங் செஷன் செய்தோம், வெளியே வரவே இல்லை' என்று அவர்கள் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தவர். 1975ல் ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் கிடங்குக்குள் அந்த நோட்டோடுதான் நுழைந்தார். உள்ளே பியானோக்காரர் தெலோனியஸ் மங்க் வாசித்ததில் வெளிவராத பதிவு அரைமணி நேரத்துக்குக் கிடைத்தது. தனியாக ஒரு எல்பி போட அது போதாது, விட்டுவிடவும் மனமில்லை. அப்படியானால் மங்க் ப்ளூ நோட்டுக்கு வாசித்த அத்தனையையும் ஒரே பெட்டியில் போட்டுவிடலாமே என்று பிறந்ததுதான் இந்த முறை. மிச்சம் மீதியை வீணாக்காத சமையல்காரப் புத்தி, எனக்குப் பிடித்தது.

அதே கிடங்கில்தான் கிடார்காரர் கிராண்ட் கிரீனும் பியானோக்காரர் சானி கிளார்க்கும் 1961-62ல் சேர்ந்து வாசித்தது தூங்கிக்கொண்டிருந்தது. கிளார்க் 1963 ஜனவரியில் 31 வயதில் இறந்துபோனார், இவை வெளியே வர அதற்கப்புறமும் ஏறக்குறைய பதினேழு வருடம் ஆயிற்று. முழுத் தொகுப்பு என்ற ஆசை இல்லாவிட்டால் இதெல்லாம் இன்னும் இருட்டில்தான் கிடந்திருக்கும். அதனால் இந்த வியாதியை நான் முழுசாகத் திட்டமாட்டேன்.

ஆனால் கேட்பது என்று வரும்போது வேறு கதை. ஒரே மெட்டின் நாலு டேக்கை, அதாவது திரும்பத் திரும்பப் பதிந்த நாலு முயற்சிகளை, வரிசையாக அடுக்கிவைப்பது, ஒரே சாம்பாரை நாலு தடவை ஊற்றிவிட்டு நாலு குழம்பு என்று கணக்குச் சொல்வது மாதிரி. பார்க்கர் 1945 நவம்பர் 26ல் சவாய் லேபிளுக்குச் செய்த செஷனில் 'கோ-கோ'வின் முதல் முயற்சி பாதியில் நிற்கும். 'செரோக்கி' பாட்டின் மெட்டை அப்படியே வாசிக்க ஆரம்பிக்கிறார்கள், அதை வாசித்தால் மெட்டுக்காரருக்குப் பணம் கொடுக்க வேண்டிவரும், உடனே நிறுத்திவிடுகிறார்கள். முதல் தடவை கேட்கும்போது சிலிர்க்கும். பத்தாவது தடவை அதைத் தாண்டிவிட ரிமோட்டைத் தேடுவீர்கள். நானும் தேடியிருக்கிறேன்.

எனக்கு முழுத் தொகுப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தோன்றுவது ஒன்றே ஒன்றுதான், பியானோக்காரர் பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25 ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் மதியமும் இரவுமாக வாசித்த ஐந்து சுற்றுகள். பதினோரு நாளில், பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசித்த ஸ்காட் லஃபாரோ கார் விபத்தில் இறந்துவிட்டார், 25 வயது. அதனால் முதலில் வந்த எல்பி அவருக்கு அஞ்சலியாகிவிட்டது. அவர் எழுதிய மெட்டில் ஆரம்பித்து அவர் எழுதிய மெட்டிலேயே முடியும், நடுவிலும் பாஸ் தூக்கலாகத் தெரிகிற டேக்குகளாகப் பொறுக்கியிருப்பார்கள். அருமையான எல்பி. 2005ல் மூன்று சிடியாக அன்றைய நாள் முழுவதும் வாசித்த வரிசையிலேயே வந்தது. முதல் பாட்டிலேயே கரண்ட் போய்ப் பதிவு நடுவில் அறுந்துவிடும் (நியூயார்க்கிலும் போகும், கேட்க ஒரு ஆறுதல்). அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். தட்டும் கரண்டியும் உரசுகிற சத்தம், ஒரு மூலையில் யாரோ சிரிப்பது, அடுத்து என்ன வாசிக்கலாம் என்று மூன்று பேரும் பேசிக்கொள்வது, கடைசிப் பாட்டு முடிந்தும் எழுந்து போக மனமில்லாமல் இழுக்கிற சில சுரங்கள். அங்கே நாலு டேக் இருந்தாலும் அலுக்காது, ஏனென்றால் மதியம் வாசித்ததற்கும் ராத்திரி வாசித்ததற்கும் நடுவில் ஒரு நாள் ஓடியிருக்கிறது. கூட்டம் மாறியிருக்கிறது, கை சூடேறியிருக்கிறது.

பெனெடெட்டி பெட்டி இதற்கு நேர் எதிர். ஒரு மனிதரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அறுத்துப்போட்டது. அதற்கும் அட்டையில் 'முழு' என்றுதான் போட்டிருக்கிறது.

வால்களை மட்டும் கேட்டது

ஜனவரியில் ஒரு ராத்திரி, தூக்கம் வரவில்லை, பெட்டியை எடுத்தேன். இந்தத் தடவை பார்க்கருக்காக இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு துண்டின் கடைசியையும் மட்டும் ஓட்டி ஓட்டிக் கேட்டேன், ஊசி தூக்கப்படுவதற்கு முந்தைய சில வினாடிகளை. பைத்தியக்கார வேலைதான், இரண்டு மணி வரை போனது. தட்டு கரகரவென்று அரைக்கும். பார்க்கர் ஒரு வாக்கியத்தை முடிப்பார், கைத்தட்டல் எழும்பும், அதற்கடியில் எங்கேயோ அடுத்தவர் ஆரம்பிக்கிற சாயல், உடனே அறுந்துவிடும். சில இடத்தில் அதுகூட இருக்காது. பியானோவில் இரண்டு கட்டை விழுவது போல ஒரு இடத்தில் கேட்டது, அல்லது கேட்க வேண்டும் என்று நினைத்ததால் கேட்டதோ என்னவோ. அதே இடத்தை ஏழெட்டுத் தடவை திரும்பப் போட்டேன். பதினாறு வயசுப் பையன் பத்தே நிமிடத்தில் கவனித்தது இது. நான் இருபது வருடமாகக் கேட்டிருக்கிறேன், வெட்டை ஒரு குறையாகத்தான் பார்த்தேனே தவிர, வெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று யோசித்ததே இல்லை.

யார் அந்த ஆள்? பெட்டியோடு வந்த புத்தகத்தில் பெயர் இருக்கிறது. ஹாம்ப்டன் ஹாஸ். 1928 நவம்பரில் பிறந்தவர், அந்த மார்ச்சில் 18 வயது. பாஸ் வாசித்த அடிசன் ஃபார்மருக்கும் அதே 18 வயதுதான், டிரம்பெட்காரர் ஆர்ட் ஃபார்மரின் இரட்டைச் சகோதரர். ராத்திரிக்கு ராத்திரி பார்க்கருக்குப் பக்கத்தில் நின்று வாசித்துவிட்டு, தங்கள் முறை வரும்போது இந்தப் பையன்கள் என்ன வாசித்தார்கள்? இப்போதுதான் இப்படி ஒன்றைக் கேட்டேன், அதே அறையில், அதே நிமிடத்தில், இப்போது என் முறை, என்று உட்கார்கிற ஒரு பதினெட்டு வயதுப் பையன் முதல் நாலு வரியில் என்ன செய்வான்? பார்க்கரைத் திருப்பிச் சொல்வானா, பயந்து சுருங்குவானா, இல்லை துணிந்து எதிர்த் திசையில் போவானா? ஜாஸ் கற்றுக்கொள்ளப்படுவது அந்த நாலு வரியில்தான். கூடத்தில் ஒரு கருவி இருந்தது, இயக்கத் தெரிந்த ஆளும் இருந்தார். ஆனால் அந்த நாலு வரி வரும்போதெல்லாம் ஊசி காற்றில் நின்றது.

ஹாஸ் பின்னால் பெரிய ஆளானார். 1955ல் கன்டெம்பரரி லேபிளுக்குச் செய்த மூவர் குழுப் பதிவுகளை இன்றைக்குப் போட்டாலும் விரல்கள் துள்ளும். 1958ல் போதைப்பொருள் வழக்கில் நீண்ட தண்டனை, 1963ல் ஜனாதிபதி கென்னடி மன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார். அடிசன் ஃபார்மருக்கு அந்த நேரம்கூடக் கிடைக்கவில்லை, அதே 1963ல் 34 வயதில் போய்விட்டார். அவர் பெயரில் ஒரு பெட்டியும் கிடையாது.

பெனெடெட்டிமேல் பழி போட எனக்கு வாய் வராது. அவர் மெனக்கெட்டிருக்காவிட்டால் இந்த ஏழு சிடியும் இல்லை. கருவியைச் சுமந்தது, தட்டுக்குச் செலவழித்தது எல்லாம் ஒரு மாணவன் வாத்தியாரிடம் பாடம் கேட்க. அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது. பில் சேவரி என்ற ஒலிப்பொறியாளரின் கதை இதற்கு மறுபக்கம். 1930களின் கடைசியில் நியூயார்க்கில் ரேடியோ நிகழ்ச்சிகளைப் பதியும் ஸ்டுடியோவில் வேலை, அதனால் 16 அங்குலப் பெரிய தட்டு கைக்கு எட்டியது, நிறுத்தாமல் முழுப் பாட்டையும் பதிந்தார். கோல்மன் ஹாக்கின்ஸ், கவுண்ட் பேஸி குழுவில் லெஸ்டர் யங், எல்லாம் அறுபடாமல். ஆனால் உயிரோடு இருந்தவரை பெரும்பாலும் யாரையும் கிட்டே விடவில்லை. 2004ல் அவர் இறந்து, 2010ல்தான் ஏறக்குறைய 1,000 தட்டுகள் ஹார்லெமில் உள்ள ஜாஸ் அருங்காட்சியகத்துக்கு வந்தன. எழுபது வருடம் பெட்டிக்குள் கிடந்தாலும் பரவாயில்லை, பாட்டு முழுசாக இருந்ததே என்று நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கு வேண்டிய பெட்டிகள்

நண்பர்கள் கூடினால் எந்தெந்தப் பெட்டி வர வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் வாசிப்போம். என் பட்டியலில் ரொம்ப நாளாக முதலில் இருந்தது பியானோக்காரர் ஏர்ல் ஹைன்ஸின் 1943 குழு. பார்க்கர் டெனர் சாக்ஸபோன் வாசிக்கிறார், டிஸ்ஸி கில்லெஸ்பி டிரம்பெட், சாரா வான் பாடுகிறார். ஆனால் 1942 ஆகஸ்ட் 1 முதல் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் செய்ததால் அந்தக் குழு ஒரு தட்டுகூட வெட்டவில்லை. இல்லாத பதிவுக்கு மறுவெளியீடு கேட்கிற ஆள் நான். சரி, அதை விட்டுவிடுகிறேன்.

இப்போது நான் கேட்பது பக்கவாத்தியக்காரர்களுக்கு ஒரு பெட்டி. பால் சேம்பர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1935ல் பிறந்து 1969 ஜனவரியில் 33 வயதில் இறந்த பாஸ்காரர். டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோடு எட்டு வருடம், சாக்ஸபோன்காரர் கோல்ட்ரேனோடு, பியானோக்காரர் ரெட் கார்லண்டோடு, சானி கிளார்க்கோடு, 1950களின் கடைசியில் நியூயார்க்கில் எந்த நல்ல செஷனைத் திறந்தாலும் மூலையில் இவர் நிற்பார். அவர் தலைமையில் செய்தவற்றை மொசைக்கே இரண்டு தொகுப்பாகப் போட்டுவிட்டது. நான் சொல்வது அதையல்ல. பிறர் செஷன்களில் வில்லெடுத்து வாசித்த சோலோக்கள், அதாவது தனி வாசிப்புகள், அத்தனையும், பாட்டோடு சேர்த்து, தேதி வரிசையில். இருபது வயதில் கரகரத்த வில் இருபத்தைந்தில் எப்படிப் பேசுகிறது என்று ஒரே மூச்சில் கேட்க வேண்டும்.

வராது என்று தெரியும். பெட்டிகள் தலைவர் பெயரில், ஒரு லேபிளுக்கு ஒன்று என்று வருவதற்குக் காரணம் ரசனை மட்டுமல்ல, உரிமை. மொசைக் மாதிரி இடங்கள் பதிவுகளைக் குத்தகைக்கு எடுத்துத்தான் போடுகின்றன. சேம்பர்ஸ் வாசித்ததில் கொலம்பியா பதிவுகள் சோனியிடம், ப்ளூ நோட்டும் இம்பல்ஸும் யுனிவர்சலிடம், அட்லாண்டிக் வார்னரிடம், பிரெஸ்டீஜும் ரிவர்சைடும் கான்கார்டிடம். நாலு வீட்டுப் படியேறி நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கி, கடைசியில் யார் வாங்குவார்கள், என்னைப் போல நூறு பேர். ஓரமாக நின்று வாசித்தவரின் வாழ்க்கை அடுத்தவர் பெயர் போட்ட பெட்டிகளில் துண்டு துண்டாகத்தான் கிடக்கும். நாமேதான் பொறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆரம்பித்தேன். ஒரு நோட்டுப் போட்டு, சேம்பர்ஸ் வில்லெடுத்து வாசிக்கிற இடங்களைக் குறிக்கத் தொடங்கினேன், எல்பி, பக்கம், நிமிடம் என்று.

அதற்காகப் பரணிலிருந்து பழைய கேசட்டுகளை இறக்கினேன். கல்லூரி நாட்களில் என் ஜாஸ் முழுக்கச் சிற்றலையில் வந்ததுதான். வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கானோவர், ஒவ்வொரு சொல்லையும் நிதானமாக எடுத்து வைப்பார், நம் ஊர்க்காரனுக்கும் புரியட்டும் என்று. ஒரு பழைய டூ-இன்-ஒன், சி-60 கேசட், பதிவை நிறுத்தி வைக்கும் பட்டன்மேல் கட்டைவிரல். 'மொமென்ட்ஸ் நோட்டீஸ்' என்று எழுதியிருந்த ஒன்றைப் போட்டேன். 1957 செப்டம்பரில் கோல்ட்ரேன் ப்ளூ நோட்டுக்குச் செய்தது, அதில் சேம்பர்ஸ் வில்லெடுப்பார், கென்னி டுரூவுக்கும் ஒரு பியானோ சோலோ உண்டு. நோட்டில் குறிக்கப் பேனாவோடு உட்கார்ந்தேன். அலை ஏறி இறங்க கோல்ட்ரேன், கர்டிஸ் ஃபுல்லர், லீ மார்கன். மார்கன் முடித்ததும் டக் என்று ஒரு சத்தம். நேராகக் கடைசி மெட்டு.

கேசட்டை வெளியே எடுத்து அட்டையைப் பார்த்தேன். நீல மையில் என் கையெழுத்து, அடிக்கோடு வேறு: 'பாஸ், பியானோ கட். 2 நிமிடம் மிச்சம்.' மிச்சம் பிடித்த இரண்டு நிமிடத்தில் அப்படி என்னதான் பதிந்தேன் என்று அந்தப் பக்கத்தின் கடைசிவரை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெறும் டேப் ஓடுகிற சத்தம்.